கொல்லைக் கீரையும் சொந்தக் கணக்கும்: அக்காவிடம் கேளுங்கள்

மலேசியாவின் நிபோங் திபாலில் 18 வருடமாகக் காய்கறி போட்டு விற்கிறேன். நம் பெண்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில் இதோ.

அக்கா, தமான் (வீடமைப்புப் பகுதி) வீடுதான். பின்னால் 20 அடிக்கு 30 அடி இடம் இருக்கிறது. எதைப் போட்டால் சீக்கிரம் காசு வரும்?

கீரைதான். தண்டுக்கீரை, கங்கோங் இரண்டும் 25, 30 நாளில் அறுப்புக்கு வந்துவிடும். மொத்தமாக விதைத்துவிடாதீர்கள். நாலு பாத்தி கட்டி, வாரம் ஒன்றாக விதையுங்கள். காசும் வாரா வாரம் வரும். ஆகஸ்ட் தொடக்கத்தில் வெண்டி ஊன்றினால் புரட்டாசி விரதத்துக்குச் சரியாகக் காய்க்கும். அந்த மாதம் நம் ஆட்கள் காய்கறிக்கு அலைவது தெரிந்ததுதானே.

விடிய எழுந்து பறித்துக் கட்டுவது நான். விற்பது வீட்டுக்காரர். எவ்வளவு கிடைத்தது என்று கேட்டாலே சண்டை.

தங்கச்சி, என் கதையும் இதேதான். ஆறு வருடம் விரலெல்லாம் கீரைக்கறை, கையில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கிடையாது. பள்ளிச் சுற்றுலாவுக்கு மகள் 15 வெள்ளி கேட்டாள். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாளே ஒரு நோட்டு வாங்கினேன். எத்தனை கட்டு போகிறது, எத்தனை திரும்புகிறது, விதைக்கும் உரத்துக்கும் என்ன செலவு, இவ்வளவுதான் எழுதினேன். மூன்றாம் மாதம் கணக்கைப் படித்துக் காட்டியபோது அவரே அசந்து போனார்.

நீங்களும் எழுதுங்கள். அடுத்து, உங்கள் பெயரிலேயே வங்கிக் கணக்கு திறங்கள், நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் வியாபாரத்தைப் பதியுங்கள். காசு வாங்கும் கியூஆர் அட்டையும் உங்கள் கணக்குக்கே இருக்கட்டும். பாடுபடுவது நாம், பெயர் வேறொருவருடையது என்றால், நாளைக்குக் கடன் கேட்கப் போகையில் காட்ட ஒரு தாள்கூட இருக்காது.

கடனுக்கு ஈடு வைக்க நகை இல்லையே?

சிறுகடன் தரும் அமானா இக்தியார் அமைப்பில் ஈடு கேட்பதில்லை. 1987-இல், வங்காளதேசத்துக் கிராமீன் வங்கி முறையில் தொடங்கியது. பெண்கள் குழுவாகச் சேர்ந்து, தவணையைத் தவறாமல் கட்ட வேண்டும். சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசு அமைப்பான டெக்குனில் இந்தியர்களுக்கென்று ஸ்புமி என்ற கடன் திட்டம் இருக்கிறது. எதை எடுத்தாலும் விதைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் மட்டும் செலவழியுங்கள். அந்தக் காசில் சீர்வரிசை செய்து, தவணை கட்ட முடியாமல் தவித்த பெண்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

பக்கத்தில் அரசாங்க நிலம் சும்மா கிடக்கிறது. போடலாமா?

கேட்காமல் போடாதீர்கள். மாவட்ட நில அலுவலகத்தில் எல்பிஎஸ் என்ற தற்காலிக உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். டிசம்பர் 31-ஓடு அது முடிந்துவிடும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அதனால் அங்கே மரம் வேண்டாம். கீரை, வெண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்கே விற்பது?

முதலில் அக்கம்பக்கம், பிறகு கோயில் அன்னதானச் சமையற்கட்டு. வாரம் 100 கட்டு தவறாமல் தர முடிந்தால், அரசின் வேளாண் சந்தை வாரியமான ஃபாமா நடத்தும் பாசார் தானியில் (உழவர் சந்தை) கடைக்கு எழுதிப் போடுங்கள். இடைத்தரகர் இல்லை, விலை உங்கள் கையில். கீரையை விடியுமுன் அறுத்து, ஈரச் சாக்கில் நிறுத்திக் கொண்டுபோங்கள். படுக்கவைத்தால் எட்டு மணிக்கே துவண்டுவிடும்.