காலையில் தெளிந்துவிடும் காது

கேள்வி: உலோகத் தகடு வெட்டும் பட்டறையில் தினமும் 8 மணி நேரம் வேலை. ஷிப்ட் முடிந்ததும் காதுக்குள் 'கொய்ங்' என்கிறது, காலையில் சரியாகிவிடுகிறது. பஞ்சு வைத்துக்கொள்கிறேன். போதுமா?

பதில்: போதாது. பஞ்சு இரைச்சலை மிகக் கொஞ்சமே தடுக்கும். காலையில் தெளிந்துவிடுவதுதான் ஆளை ஏமாற்றுகிறது. உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் இரைச்சலில் சோர்ந்து, ஓய்வில் தேறுகின்றன. தினமும் அடிபட்டால் செத்துவிடும், திரும்ப முளைப்பதில்லை. முதலில் பழுதாவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் திறன். அதனால் பேச்சு காதில் விழும், கூட்டத்துக்குள் புரியாது.

பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். அதற்கு மேல் 3 டெசிபல் கூடக்கூட நேரத்தைப் பாதியாக்க வேண்டும்: 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி. கருவி இல்லையா? கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் 85-ஐத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நுரை இயர் பிளக் வாங்குங்கள். மாட்டும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கையைக் கழுவி, பிளக்கைச் சுருக்கம் விழாமல் மெல்லிய குச்சிபோல உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துளை நேராகும். உள்ளே செலுத்தி, நுரை விரியும்வரை 30 விநாடி விரலால் பிடித்திருங்கள். சரியாகப் பொருந்தினால் உங்கள் குரலே தலைக்குள் முழங்கும்.

நடுவில் கழற்றாதீர்கள். 30 டெசிபல் குறைக்கும் பிளக்கை 8 மணி நேரத்தில் அரை மணி கழற்றி வைத்தாலும், மொத்தப் பலன் சுமார் 12 டெசிபலுக்கு இறங்கிவிடும்.

ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளக்கும் சோதனை) எடுக்குமுன் 14 மணி நேரமாவது இரைச்சலை விட்டு விலகியிருங்கள். இல்லையென்றால் தற்காலிகச் சோர்வும் கணக்கில் சேர்ந்துவிடும். பட்டறையில் தின்னர் புழங்குகிறதா? அதிலுள்ள டொலுயீன் என்ற கரைப்பானும் காதைக் கெடுக்கும், காற்றோட்டம் அவசியம். ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் காலைவரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றே காது மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: இரைச்சலால் ரத்த அழுத்தமும் ஏறுமா?

பதில்: ஏறலாம். இரைச்சலை உடல் ஆபத்தாக எடுத்துக்கொண்டு அட்ரீனலின், கார்டிசால் என்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. 'பழகிவிட்டது' என்று மனம் சொன்னாலும் இது ஓய்வதில்லை. வேலை நாளிலும் விடுமுறை நாளிலும் ஒரே நேரத்தில், 5 நிமிடம் உட்கார்ந்தபின் ரத்த அழுத்தத்தை அளந்து எழுதி வையுங்கள். விடுமுறையிலும் அடிக்கடி 140/90-ஐத் தாண்டினால் பழியைப் பட்டறைமேல் மட்டும் போடாமல் மருத்துவரிடம் அந்தக் குறிப்பைக் காட்டுங்கள்.