கேரட்டைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள்

எட்டு மாத முயல் கேரட், முட்டைக்கோஸ், பெல்லட் (கடையில் விற்கும் குச்சித் தீவனம்) தவிர எதையும் தொடுவதில்லை, பின்பக்கம் திராட்சைக் கொத்து மாதிரி மெத்தென்ற புழுக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது பேதி இல்லை. முயல் இரண்டு விதமாகப் புழுக்கை போடும், மெத்தென்று வருவதை அதுவே குனிந்து தின்றுவிடும் (அருவருப்பாக இருந்தாலும் சத்து அதில்தான்), ஆனால் இனிப்பும் மாவும் மிஞ்சி நார் குறைந்தால் தின்னாமல் விட்டுவிடும்.

தீர்வு புல்தான். சாப்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாக இருக்கட்டும், பல் வாழ்நாள் முழுக்க வளர்வதால் தேய்வதற்கும் அதுதான் வேண்டும். முயலுக்கென்று கடையில் விற்கும் திமோத்தி என்ற உலர்புல் விலை கட்டுப்படியாகாவிட்டால் மருந்து அடிக்காத இடத்து அருகம்புல் போதும், கோ-4 என்ற கம்பு நேப்பியர் ஒட்டுரகத் தீவனப்புல் கிடைத்தால் அதையும் கொடுக்கலாம். நெல் வைக்கோலை நம்பாதீர்கள், சத்து மிகக் குறைவு. கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை தினம் ஒரு கைப்பிடி, கேரட் வாரம் இரண்டு துண்டு, முட்டைக்கோஸ் இப்போதைக்கு வேண்டாம், வயிறு உப்பும். குதிரைமசால் (லூசர்ன் என்ற பசுந்தீவனம்) குட்டிகளுக்குத்தான், உங்களுடையதற்கு இனி சுண்ணாம்புச்சத்து அதிகமாகிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடாமல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெல்லட்டைக் குறையுங்கள். நடுவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றுமே தின்னவில்லை, புழுக்கையும் இல்லை, அல்லது தண்ணியாகப் போகிறது என்றால் காலைவரை காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.