பழைய சப்வூஃபர்: மெக்கானிக்கிடமா, காயலான் கடைக்கா?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். 2011இல் வாங்கிய 10 அங்குல சப்வூஃபர், அதே காலத்து ஏ.வி. ரிசீவருடன் (டி.வி., பாட்டு ஒலியை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) எங்கள் கூடத்தில் இருக்கிறது. சில மாதங்களாக, பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ‘உம்ம்’ என்று ஓர் இரைச்சல். தவில் ஒலிக்கும்போது கரகரப்பு வேறு. மெக்கானிக் ஒருவர், “போர்டு போய்விட்டது, ஸ்பீக்கரும் சரியில்லை, மொத்தம் 5,500 ரூபாய் ஆகும்” என்கிறார். சென்னையில் இருக்கும் மகன், “அதைத் தூக்கிப் போட்டுவிட்டு 15,000 ரூபாய்க்கு ஒரு சவுண்ட்பார் வாங்குங்கள் அப்பா” என்கிறான். எனக்கு மனம் வரவில்லை. எது சரி?

பதில்: மகன்களுக்குப் பழைய பொருள் கூடத்தில் இருந்தாலே கண்ணை உறுத்தும். அதை ஒரு பக்கம் வையுங்கள்.

தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் சப்வூஃபருக்குள் மூன்று பொருள்கள் இருக்கின்றன: மரப்பெட்டி, ஸ்பீக்கர், பின்பக்கத் தகட்டில் திருகியிருக்கும் ஆம்ப்ளிஃபயர் (மெக்கானிக் ‘போர்டு’ என்பது இதைத்தான்). மூன்றும் ஒரே வேகத்தில் கிழடாவதில்லை. ஈரம் படாத பெட்டியும் ஸ்பீக்கரின் காந்தமும் இன்னும் இருபது வருடம்கூட இருக்கும். ஸ்பீக்கரில் அதிரும் கூம்பான கோனின் விளிம்பும், ஆம்ப்ளிஃபயரில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்களும்தான் முதலில் தளர்பவை. விலை குறைந்தவையும் அவைதான். எனவே எது போயிருக்கிறது என்று தெரியாமல் ‘மொத்தம் 5,500’ என்ற கணக்குக்குத் தலையாட்ட வேண்டாம். உங்கள் கடிதத்தில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. இரண்டையும் தனித்தனியே பார்ப்போம்.

முதலில் இரைச்சல். ரிசீவரிலிருந்து சப்வூஃபருக்கு வரும் ஒலிக் கம்பியை, சப்வூஃபர் பக்கத்தில் உருவிவிட்டுக் காதைக் கொடுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் சப்வூஃபரின் மேல் பெரும்பாலும் குற்றமில்லை. கேபிள் டி.வி. கம்பி வழியாகவோ, வேறு வேறு பிளக்குகளின் எர்த் வழியாகவோ வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு (நொடிக்கு 50 முறை) உள்ளே நுழைகிறது. டி.வி., செட்டாப் பாக்ஸ், ரிசீவர், சப்வூஃபர் நான்குக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். பிறகு செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் ‘போர்டு போன’ சப்வூஃபர் இந்த இடத்திலேயே பிழைத்துக்கொள்ளும். ஆனால், இரைச்சலை நிறுத்துகிறேன் பேர்வழி என்று மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிடும் கைவேலைக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். இரைச்சல் நின்றாலும் நிற்கும். ஒருநாள் ரிசீவரின் உலோகப் பெட்டியைத் தொடும் பேரனுக்கு ஷாக் அடித்தாலும் அடிக்கும்.

கம்பியை உருவிய பிறகும் ‘உம்ம்’ தொடர்ந்தால், ஆம்ப்ளிஃபயருக்கு நேர்மின்சாரம் தரும் பெரிய கெப்பாசிட்டர்கள் உலர்ந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். மாறுமின்சாரத்தின் அலைகளைச் சமன் செய்யும் வேலை அவற்றுடையது. அவை தளர்ந்தால் மிச்சமிருக்கும் அலை 100 ஹெர்ட்ஸ் முனகலாக வெளியே வரும். தாழ்ந்த ஒலியைப் பெரிதாகக் காட்டுவதே சப்வூஃபரின் பிழைப்பு என்பதால், சாதாரண ஸ்பீக்கரில் காதில் விழாத முனகல்கூட இதில் கூடம் முழுக்கக் கேட்கும். மெக்கானிக் தகட்டைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். உருளை வடிவக் கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்க வேண்டும். மேடிட்டிருந்தாலோ, அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அதுவே சாட்சி. அவற்றை மாற்ற உதிரிபாகத்துக்குச் சில நூறு ரூபாய் போதும், மற்றது கூலி. நீங்களே திறக்கலாம் என்று நினைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றுக்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

அடுத்தது கரகரப்பு. முன்பக்கத் துணி மூடியை மெல்லக் கழற்றுங்கள். கோனையும் இரும்புச் சட்டத்தையும் இணைக்கும் வளையம் ரப்பரா, ஸ்பாஞ்சா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். ஸ்பாஞ்சாக இருந்து, தொட்ட இடம் பிசுபிசுப்பாகவோ கரித்தூளாகவோ விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால் கோளாறு அதுதான். அந்த ஸ்பாஞ்சு பத்துப் பதினைந்து வருடத்தில் தானாகவே மட்கிவிடும் பொருள். காற்றில் ஈரம் கூடினால் இன்னும் சீக்கிரம் மட்கும். தேவனாம்பட்டினத்துக் கடற்காற்று வீசும் ஊரில் 2011ஆம் வருடத்து ஸ்பாஞ்சு இன்றுவரை தாங்கியதே பெரிது. ரப்பராக இருந்தால் அது தேறும். வேறு காரணம் தேட வேண்டும்.

இன்னொரு சோதனை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நான்கு விரல்களைக் கோனின் நடுவட்டத்தைச் சுற்றிச் சமமாக வைத்து உள்ளே அழுத்துங்கள், மிக மெதுவாக. சத்தமில்லாமல் போய்த் திரும்பினால், கோனை ஆட்டும் கம்பிச் சுருளான ‘காயில்’ நலம். ‘சர்சர்’ என்று உரசினால் காயில் நேர்கோட்டிலிருந்து விலகியிருக்கிறது அல்லது சூட்டில் வீங்கியிருக்கிறது. மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தால் எரிந்த வார்னிஷ் நாற்றம் வருகிறதா என்றும் பாருங்கள். மெக்கானிக்கிடம் மின்தடையை ஓம் கணக்கில் அளக்கும் மல்ட்டிமீட்டர் இருக்கும். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் அதில் மூன்று, மூன்றரை ஓம் காட்டும்; 8 ஓம் என்றால் ஏறக்குறைய ஆறு. எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது.

விளிம்பு மட்டும் மட்கியிருந்தால் ஸ்பீக்கரையே மாற்ற வேண்டியதில்லை. அதே அளவு ரப்பர் வளையம் வாங்கி ஒட்டுவார்கள். ஒட்டும்போது காயிலை நடுவில் நிறுத்தி ஒட்டும் பொறுமை உள்ளவரா என்பதுதான் கேள்வி. அவர் ஏற்கெனவே செய்து கொடுத்த ஒன்றைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், தயங்குபவரிடம் கொடுக்காதீர்கள். “கார் வூஃபர் ஒன்று இருக்கிறது, பொருத்தித் தருகிறேன்” என்பவரிடம் அதன் ஓம் எவ்வளவு என்று கேளுங்கள். 8 ஓம் இருந்த இடத்தில் 4 ஓம் வைத்தால் ஆம்ப்ளிஃபயர் தாங்காத சுமையை இழுக்க ஆரம்பிக்கும். இன்றைக்கு ஸ்பீக்கர், அடுத்த மாதம் போர்டு.

இனி பெட்டி. இதைத்தான் நம் ஊரில் யாரும் பார்ப்பதில்லை. சப்வூஃபர் தரையில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் தினமும் தரை துடைக்கிறோம். ஈரத்துணி அதன் அடி விளிம்பில் பட்டுக்கொண்டே இருக்கிறது. பெட்டி மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. கவிழ்த்துப் போட்டு நான்கு மூலைகளையும் பாருங்கள். ஊறிய பிஸ்கட்டைப் போல உப்பி, நகம் வைத்தால் உதிர்ந்தால், திருகு பிடிக்காது, மூட்டு வழியாகக் காற்றும் கசியும். அந்தக் காற்றுச் சீறலும் கரகரப்பாகத்தான் கேட்கும். பெட்டி இப்படிக் கெட்டிருந்தால் செலவு செய்யாதீர்கள். அடி கெட்டியாக இருந்தால், கீழே நான்கு ரப்பர் கால்களை ஒட்டிவிட்டு மேலே படியுங்கள்.

இப்போது பணக் கணக்கு. 5,500 ரூபாயை 15,000 ரூபாய் சவுண்ட்பாருடன் ஒப்பிடுவது பிசகு. உங்களிடம் இருப்பது 10 அங்குலக் கோன். அந்த விலையில் வரும் சவுண்ட்பாரின் சப்வூஃபரைத் திறந்தால் பெரும்பாலும் ஐந்தரை, ஆறரை அங்குலம்தான் இருக்கும். உங்கள் தவிலின் அடி அதில் எட்டாது. மேலும், சவுண்ட்பார் வந்துவிட்டால் நன்றாக ஓடுகிற ரிசீவரும் மற்ற ஸ்பீக்கர்களும் பரணுக்குப் போக வேண்டியதுதான். கம்பியில்லா சப்வூஃபர் பொதுவாகத் தன் ஜோடி சவுண்ட்பாரோடு மட்டுமே பேசும்; நாளைக்கு ஒன்று கெட்டால் இன்னொன்றும் சும்மா கிடக்கும்.

எனவே இதே 10 அங்குலத்தில் தனி சப்வூஃபர் இன்று என்ன விலை என்று கடையில் கேளுங்கள். பழுது பார்க்கும் செலவு அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் யோசிக்காமல் பழுது பாருங்கள். பாதியைத் தொட்டால் நான் புதியதன் பக்கம் சாய்வேன். காயிலும் எரிந்து, போர்டிலும் இனிக் கிடைக்காத ஐ.சி. (சிறு சில்லு) போயிருந்தால் அதற்கு மேல் மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். போர்டு மட்டும் போய் ஸ்பீக்கர் நன்றாக இருந்தால், சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் பொதுவான சப்வூஃபர் ஆம்ப்ளிஃபயர் போர்டு ஒன்றை அதே பெட்டியில் பொருத்தித் தரும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பழைய போர்டின் மணிமணியான வேலைப்பாடு அதில் இருக்காது, ஆனால் பாட்டு கேட்கும்.

உங்கள் விஷயத்தில் என் ஊகம்: ஸ்பாஞ்சு வளையமும் இரண்டு கெப்பாசிட்டரும். மெக்கானிக்கிடம் போர்டுக்கு எவ்வளவு, ஸ்பீக்கருக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். இதைச் சொன்னதுமே சில சமயம் 5,500 தானாக இறங்கும்.

கேள்வி: 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரில் எங்கள் வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவு புகுந்தது. அதில் நனைந்த சப்வூஃபரைக் காயவைத்து மூடி வைத்திருக்கிறோம். இப்போது போட்டுப் பார்க்கலாமா?

பதில்: போடாதீர்கள். வெள்ளத்து நீர் வற்றினாலும் சேறும் உப்பும் போர்டில் படிந்திருக்கும். மின்சாரம் பாய்ந்தால் அவை வழியாகவும் பாயும். உங்கள் பெட்டியின் பலகை இந்நேரம் அடியிலிருந்து பிரிந்திருக்கும். ஒரே நம்பிக்கை, ஸ்பீக்கரைத் தனியே கழற்றிப் பார்ப்பது. கோன் காகிதமாக இல்லாமல் பாலிபுரொப்பிலீனாக இருந்து, அழுத்தினால் உரசாமல் இருந்தால், யாராவது புதுப் பெட்டி செய்து பயன்படுத்திக்கொள்வார்கள். மற்றதை மின்னணுக் கழிவாக, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகள் மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பு நிறுவனத்தின் மேல் வைத்திருக்கின்றன. எனவே எங்கே கொடுப்பது என்று நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: புதிய சப்வூஃபர் வாங்குவதென்றால் புதுச்சேரியில் விலை குறைவு என்கிறார்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் ஏறிப் போய் வாங்கலாமா? ஒரு கடையில் 5,000 வாட்ஸ் என்று போட்டிருந்ததைப் பார்த்தேன்.

பதில்: அது 2017 ஜூலை 1க்கு முந்தைய கதை. அப்போது இரு பக்கமும் விற்பனை வரி வேறு வேறு. ஜி.எஸ்.டி. வந்த பிறகு கடலூரிலும் புதுச்சேரியிலும் ஒரே விகிதம்தான். நேரு வீதியில் விலை குறைவாகச் சொன்னால் அது அந்தக் கடைக்காரர் தன் லாபத்தில் விட்டுக்கொடுப்பது, அல்லது பில் இல்லாமல் விற்பது. முதலாவது என்றால் தாராளமாகப் போய் வாங்குங்கள். எல்லையில் இருக்கும் ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் தேடுவது மது பாட்டிலை, சப்வூஃபரை அல்ல. இரண்டாவது என்றால் உத்தரவாதம் கிடையாது, பின்னால் வழக்குப் போட்டாலும் நிரூபிப்பது கடினம். சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதினைந்து கிலோ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போக முடியாது.

புதுச்சேரி மகாத்மா காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழையது எடுக்கிறீர்கள் என்றால், மேலே சொன்ன விரல் சோதனையும் மூக்குச் சோதனையும் முடிந்து, ஓடவிட்டுக் கேட்ட பிறகே பணப்பையைத் திறங்கள்.

அந்த 5,000 வாட்ஸ், பி.எம்.பி.ஓ. என்ற விளம்பரக் கணக்கு. பின்பக்கத் தகட்டில் ‘மின்நுகர்வு’ என்று சிறு எழுத்தில் ஓர் எண் இருக்கும். அங்கே 60 வாட்ஸ் என்றால், வாங்கும் மின்சாரம் அறுபது. அதிலிருந்து ஐயாயிரம் எப்படி வெளியே வரும்? ஆர்.எம்.எஸ். வாட்ஸ் (தொடர்ந்து தரக்கூடிய உண்மையான திறன்) எவ்வளவு, கோன் எத்தனை அங்குலம், எத்தனை ஹெர்ட்ஸ் வரை கீழே இறங்குகிறது என்ற மூன்றையும் கேளுங்கள். சாதாரணக் கூடத்துக்கு 8 அங்குலமும் ஆர்.எம்.எஸ்.ஸில் நூறு வாட்ஸும் போதும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் அதுவே அதிகம். கீழ்வீட்டுக்காரர் வந்து சொல்வார்.

கேள்வி: பழுதுக்குக் கொடுத்து நாலு மாதமாகிறது. முன்பணம் 2,000 வாங்கிய கடைக்காரர், “போர்டு சென்னையிலிருந்து வர வேண்டும்” என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். முத்தியால்பேட்டையில் இருக்கிறேன்; கடை கடலூரில். எங்கே புகார் செய்வது?

பதில்: பழுது பார்ப்பதும் சட்டப்படி சேவைதான், இழுத்தடிப்பது சேவைக் குறைபாடு. முதலில் பதினைந்து நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பலர் இதிலேயே இறங்கிவருவார்கள். அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கு மேல் நுகர்வோர் ஆணையம். 2019ஆம் வருடச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். அதற்காகக் கடலூருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். முன்பணத்துக்கு ரசீது இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், “என் சப்வூஃபர் எப்போது தயாராகும்?” என்று இன்றே அவருக்கு வாட்ஸ்அப்பில் கேளுங்கள். “அடுத்த வாரம்” என்று அவர் பதில் போட்டால், பெட்டி அவரிடம் இருப்பதற்கு அதையே ஆதாரமாகக் காட்டலாம்.