கடலோரத்தில் வீடு கட்டும்போது குழாய், கைப்பிடி, டைல்ஸ் எல்லாம் எப்படித் தேர்ந்தெடுப்பது?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கம் வீடு கட்டுகிறோம், பூச்சு வேலை தொடங்கப் போகிறது, ஃபிட்டிங்ஸ் எதை எப்போது வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் உச்சிப்புளி பக்கம் கட்டிக் குடிவந்து ஏழு வருஷம் ஆகிறது. மொட்டைமாடியில் நின்றால் கடல் தெரியும். அவர் சிங்கப்பூரில், நான் இங்கே மேஸ்திரியோடு. எல்லாச் சாமானையும் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பித்தான் முடிவு செய்தோம், போட்டோவில் எல்லா எவர்சில்வரும் ஒரே மாதிரிதான் மின்னும்.

படிக்குக் கைப்பிடிக் கம்பி எடுக்கப் போனபோது கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டலை பாருங்க, ஒரிஜினல்" என்றார். நம்பி வாங்கி வந்தேன். ஆறே மாதம், வெல்டிங் வைத்த இடமெல்லாம் டீக்கறை மாதிரி பழுப்பு. அப்புறம் விசாரித்தால், 202 என்று ஒரு ரகம் இருக்கிறது, நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்ப்பார்களாம், அதிலும் காந்தம் ஒட்டாது. அதைவிட நல்ல ரகங்களான 304-இலும் 316-இலும் ஒட்டாது. ஆக அந்தக் காந்த வித்தை நம் ஊருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. உப்புக்காற்றில் நேராக நிற்கிற எதற்கும் 316 கேளுங்கள், அதில் இருக்கும் 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் என்கிற உலோகம்தான் உப்பு குத்திக் குத்தித் துளை போடாமல் காப்பது. விலை கூடத்தான், அதனால் வீடு முழுக்க வேண்டாம். வெளிப்படி, மொட்டைமாடி, கடலைப் பார்த்த ஜன்னல், இவ்வளவு போதும், உள்ளே 304 தாங்கும். பில்லில் ரகத்தின் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

316 போட்டாலும் அப்படியே விட்டுவிடக் கூடாது. எங்கள் வீட்டில் மழை நேராகப் படுகிற கம்பிகூடப் பரவாயில்லை, சன்ஷேடுக்குக் கீழே நனையாமல் 'பத்திரமாக' இருந்த கம்பிதான் முதலில் போனது, ஏனென்றால் படிந்த உப்பைக் கழுவ அங்கே மழை வராது. மாதம் ஒருதரம் நல்ல தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போதும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்துக்குப் பெயின்ட் அடித்து அடித்தே காலம் போனதை நாம் பார்த்திருக்கிறோம், 2025-இல் திறந்த புதுப் பாலத்தில் கான்கிரீட்டுக்குள் வைத்த கம்பியையே துருப்பிடிக்காததாகப் போட்டார்கள். ரயில்வேக்கே அந்தப் பயம் என்றால் நமக்கு இருக்க வேண்டாமா!

சரி, எதை எப்போது வாங்குவது? சுவருக்குள் போவது எல்லாம் இப்போதே. சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் கலக்கிற டைவர்டரை, "டைல்ஸ் ஒட்டின பிறகு பார்த்துக்கலாம்" என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பை இன்றே விடுங்கள். அதன் உடம்பு சுவருக்குள் இருக்கும், எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும் என்று அதிலேயே கோடு போட்டிருப்பார்கள், பூச்சு, டைல்ஸ் கனம் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். எங்கள் பிளம்பர் டைல்ஸ் கனத்தை மறந்துவிட்டார். கடைசியில் கைப்பிடி மாட்டப் போனால் எட்டவில்லை, ஒட்டிய டைல்ஸை உடைத்து மறுபடி ஒட்டினோம். டைல்ஸ் எடுக்கும்போது பெட்டியில் இருக்கும் பேட்ச் நம்பர் எல்லாம் ஒன்றா என்று பார்த்து, பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கியிருந்தேன், அதனால் தப்பித்தேன். பிறகு போய்க் கேட்டிருந்தால் அதே நிறம் கிடைத்திருக்காது.

குளியலறைத் தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ், அவ்வளவுதான். அதைவிடத் தண்ணீர் ஓட வாட்டம் முக்கியம். எங்கள் மேஸ்திரி, "தாயி, ஒரு வாளி தண்ணிய ஊத்திப் பாரு, ஓடுச்சுன்னாத்தான் ஒட்டுவேன்" என்று நிற்பார், அந்த மனிதரால் அந்த ஒரு விஷயத்தில் தலைவலி இல்லை.

குழாய்க்கு முன்னால் உங்கள் போர் தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் எடுத்து வெயிலில் காயவிடுங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்தால் கறுப்பு மேட் குழாய் பக்கமே போகாதீர்கள், ஒவ்வொரு சொட்டும் கோலப்பொடி சிந்தினது மாதிரி தெரியும். நான் ஆசைப்பட்டு வாஷ்பேசினுக்கு ஒன்று வாங்கினேன், அத்தை தினமும் அதைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்ப்பார். பித்தளையில் குரோம் பூசியது நல்லது, கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும். ஷவர் வாங்கினால் துளைகள் ரப்பர் மாதிரி சிலிக்கானில் இருக்கிறதா பாருங்கள், அடைத்தால் விரலால் தேய்த்தே எடுத்துவிடலாம். தோட்டத்துக்கும் வெளிக் கழிவறைக்கும் பிளாஸ்டிக் குழாய் வையுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை, என் வீட்டில் ஒருமுறைகூட மாற்றாதது அது மட்டும்தான்.

ஜன்னலுக்கு நாங்கள் யு.பி.வி.சி. என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் போட்டோம், சட்டம் அப்படியே இருக்கிறது, உள்ளே இருக்கும் கொக்கியும் ஸ்க்ரூவும் துருப்பிடித்து ஒரு கதவு திறக்கவே வரவில்லை. அதனால் எதை வாங்கினாலும் அதோடு வரும் ஸ்க்ரூ என்ன ரகம் என்று கேளுங்கள். தச்சரிடமும் சொல்லிவிடுங்கள், கீலை நல்லதாக வாங்கிக் கொடுத்தாலும் அவர் பையில் கிடக்கும் இரும்பு ஸ்க்ரூவைத்தான் எடுத்து முடுக்குவார், நான் பக்கத்தில் நின்றே அது நடந்தது.