குதிரை சொந்தமில்லையா? சேணத்தை அப்புறம் பார்க்கலாம்

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. ஒன்றரை வருடமாக ரைடிங் ஸ்கூலுக்குப் போகிறாள். அடுத்த மாதம் முதல் போட்டி. டிரெஸ்ஸாஜில் (குதிரையைச் சொன்னபடி நடக்கவைத்துக் காட்டும் பிரிவு) ஒன்று, குறைந்த உயர ஜம்பிங்கில் ஒன்று. பள்ளிக் குதிரையில்தான் ஏறப்போகிறாள். கடையில் விசாரித்தால் சேணம், கடிவாளம், ஹெல்மெட், பூட்ஸ், கோட்டு எல்லாம் சேர்த்து ‘ஃபுல் செட்’ ஒன்றரை லட்சம் என்கிறார்கள். இவ்வளவும் தேவையா? – ஒரு வாசகி, கோவை

பதில்: தேவையில்லை. அந்த செட்டில் பெரிய தொகை சேணத்துக்குத்தான் போகும், அதை முதலில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். சேணத்தின் உள்ளே ‘ட்ரீ’ என்று ஒரு சட்டம் இருக்கிறது. அதன் அகலம் குதிரையின் தோள்மேட்டுக்கு (கழுத்தும் முதுகும் சேரும் மேடு) பொருந்த வேண்டும். ஒரு குதிரைக்கு அளவெடுத்ததுபோல் உட்காரும் சேணம், பக்கத்து லாயத்துக் குதிரைக்கு முதுகைப் புண்ணாக்கிவிடலாம். உங்கள் மகள் இன்று ஒரு குதிரையில் ஏறுவாள், ஆறு மாதம் கழித்து வேறொன்றில். எந்த முதுகுக்கு வாங்குவீர்கள்? கடிவாளமும் அப்படித்தான், பள்ளியில் அந்தந்தக் குதிரைக்கு ஏற்கெனவே இருக்கும். கைக்காசு போகவேண்டியது அவள் உடம்பில் மாட்டுகிற பொருட்களுக்கு.

அதிலும் முதலில் ஹெல்மெட். பைக் ஹெல்மெட்டில் ஐ.எஸ். 4151 என்று பார்த்திருப்பீர்கள். அது இருசக்கர வாகனத்துக்கான தரம், குதிரைக்கு உதவாது. சைக்கிள் ஹெல்மெட்டும் வேண்டாம். குதிரையேற்ற ஹெல்மெட்டின் உட்புறத்தில் பி.ஏ.எஸ். 015, வி.ஜி. 1, ஏ.எஸ்.டி.எம். எஃப் 1163 என்று ஏதாவது ஒரு தர எண் இருக்க வேண்டும். மேலே வெல்வெட் ஒட்டிய வெறும் தொப்பிகளும் அதே அலமாரியில் விற்பனைக்கு இருக்கும். பார்க்க அழகு, அவ்வளவுதான். சர்வதேச டிரெஸ்ஸாஜிலேயே 2021 முதல் ‘டாப் ஹேட்’ எனும் உயரத் தொப்பி கிடையாது, எல்லோருக்கும் ஹெல்மெட்தான்.

அளவுக்குப் புருவத்துக்கு மேலே தலையைச் சுற்றி டேப் வைத்து செ.மீ. கணக்கில் எடுங்கள். போட்டியன்று கட்டப்போகிற மாதிரியே தலைமுடியைக் கட்டிக்கொண்டு போட்டுப் பார்க்கட்டும். பின்னலை உள்ளே திணித்தால் ஹெல்மெட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். வாரை மாட்டாமல் தலையை ஆட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட்டோடு நெற்றித் தோலும் நகர்ந்தால் சரியான அளவு. ‘வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசா வாங்கலாம்’ என்கிற நம் வழக்கமான கணக்கு இங்கே ஆபத்து. பயன்படுத்திய ஹெல்மெட்டை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஒரு பலமான விழுதலில் உள்ளே இருக்கும் நுரை நசுங்கிவிடும், வெளியிலிருந்து தெரியாது.

அடுத்து பூட்ஸ். 12 வயதில் முழங்கால் வரை வரும் தோல் பூட்ஸ் வாங்குவது வீண்செலவு, அடுத்த வருடம் கால் நுழையாது. கணுக்கால் உயர ஜோத்பூர் பூட்ஸும், கெண்டைக்காலைச் சுற்றிப் போடும் தோல் உறையும் போதும். பூட்ஸ் அடிப்பாகம் வழவழவென்று இருக்கட்டும், குதிகால் கொஞ்சம் உயர்ந்திருக்கட்டும். பாதம் அங்கவடிக்குள் (ஏறியவர் கால் வைக்கும் வளையம்) நழுவி மாட்டிக்கொள்ளாமல் தடுப்பது அந்தக் குதிகால்தான். பள்ளியில் பயன்படுத்தும் அங்கவடி, பூட்ஸைவிட மொத்தத்தில் இரண்டரை செ.மீ. அளவுக்கு அகலமாக இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். (ஜோத்பூர் நம் ஊர்ப் பெயர்தான். 1897இல் விக்டோரியா ராணியின் வைர விழாவுக்குப் போன ஜோத்பூர் அரச குடும்பத்து சர் பிரதாப் சிங்கின் கால்சட்டையைப் பார்த்துத்தான் லண்டன்காரர்களுக்கு ‘ஜோத்பூர்ஸ்’ கால்சட்டை மோகம் பிடித்தது என்பார்கள்.)

உடை கடைசி. வெள்ளை பிரீச்சஸ் (குதிரையேற்றத்துக்கான இறுக்கமான கால்சட்டை), வெள்ளைக் காலர் சட்டை, கறுப்பு அல்லது கருநீலக் கோட்டு, கையுறை. இரண்டு பிரிவுக்கும் இதே போதும். கோட்டை வாங்குவதற்கு முன் பயிற்சியாளரிடம் கேட்டுவிடுங்கள். சில பள்ளிகள் தங்கள் நிறக் கோட்டைத்தான் போடச் சொல்லும், மூத்த பிள்ளைகளிடம் பழையதும் கிடைக்கும். வெள்ளை பிரீச்சஸை ஒருநாள் முன்னதாக வெயிலில் போட்டு நிற்கச் சொல்லிப் பாருங்கள், மெல்லிய துணி உள்ளே இருப்பதையெல்லாம் காட்டிக்கொடுக்கும். போட்டியன்று ஏறும் நிமிடம் வரை மேலே ஒரு பழைய டிராக் பேண்ட் இருக்கட்டும். லாயத்தில் வெள்ளைத் துணியின் ஆயுள் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி: எனக்குச் சொந்தக் குதிரை இருக்கிறது. கான்பூரில் செய்த பழைய ஜம்பிங் சேணம் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது? – ஒரு வாசகர், ஓசூர்

பதில்: கான்பூர் என்றதும் தயங்க வேண்டாம். ஆங்கிலேயர் காலத்தில் ராணுவத்துக்குச் சேணம் தைக்கத் தொடங்கிய ஊர். இன்று வெளிநாடுகளுக்கும் போகிறது, புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. ஆனால் அங்கேயே உயர்ந்ததும் உண்டு, மட்டமானதும் உண்டு.

முதலில் ட்ரீ உடைந்திருக்கிறதா பாருங்கள். சேணத்தின் பின்விளிம்பை உங்கள் வயிற்றில் அண்டக் கொடுத்து, முன்மேட்டைப் பிடித்து உங்களை நோக்கி இழுங்கள். இருக்கையின் நடுவில் தோல் சுருங்கி மடிந்தாலோ உள்ளே கிரீச்சென்று சத்தம் வந்தாலோ விலை பேசவே வேண்டாம். அப்புறம் பக்கவாட்டில் தொங்கும் மடலைத் தூக்கி, கர்த் (குதிரையின் வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை) மாட்டும் வார்களைப் பாருங்கள். துளைகள் நீண்டு கிழிகிற மாதிரி இருக்கிறதா, தையல் பிரிகிறதா என்று கவனியுங்கள். வாரை மடித்துப் பார்க்கும்போது விரிசல் விட்டால் அந்தத் தோல் காய்ந்துபோனது. எண்ணெய் பூசிப் பளபளப்பாக்கி விற்பார்கள், மடிப்பில் உண்மை தெரிந்துவிடும்.

அதன்பின் குதிரை முதுகில், கீழே துணி போடாமல் வைத்துப் பாருங்கள். தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நடுவில் முதுகெலும்பின் மேல் வெளிச்சம் தெரிய வேண்டும். அடிப்பஞ்சு இருபுறமும் சமமாக ஒட்ட வேண்டும், பின்முனை கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் விரல் விட்டுப் பாருங்கள், எடை ஏறினால் சேணம் இறங்கும். இரண்டு நாள் வைத்துப் பார்க்கத் தராதவரிடம் வாங்காதீர்கள்.

இன்னொன்று, ஜம்பிங் சேணத்தின் மடல் முன்னோக்கி வளைந்திருக்கும், டிரெஸ்ஸாஜுக்கு நேராக இறங்கும். இரண்டிலும் கலந்துகொள்கிற புதியவர் என்றால் பொதுப்பயன் சேணத்தில் ஆரம்பிப்பதே என் விருப்பம்.

கேள்வி: ஆன்லைனில் ‘சர்வதேசத் தரம்’ என்று போட்டிருந்த ரைடிங் ஹெல்மெட் வாங்கினேன். உள்ளே எந்தத் தர எண்ணும் இல்லை. ‘திறந்து பார்த்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது’ என்கிறார் விற்பனையாளர். – ஒரு வாசகர், மதுரை

பதில்: அது செல்லாது. மின்வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பனையாளர் அதைத் திரும்பப் பெற மறுக்க முடியாது. விளம்பரப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். ஹெல்மெட்டின் உட்புறத்தையும் பெட்டியையும் படம் பிடித்து, பில்லோடு சேர்த்து எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையவழியாகவே வழக்குப் பதியலாம். பணம் திரும்பி வரும்வரை ஹெல்மெட்டை அப்படியே பெட்டியில் வையுங்கள். ‘ஒரு நாள்தானே’ என்று அதைப் போட்டுக்கொண்டு குதிரை ஏறிவிடாதீர்கள்.