சா சியு: வெளியே கரி, உள்ளே சக்கை

கேள்வி: தென் சீனாவின் கேன்டனீஸ் பாணி சா சியு, அதாவது இனிப்புப் பூச்சோடு சுடும் பன்றிக்கறி, வீட்டிலேயே செய்து பார்த்தேன். கொழுப்பே இல்லாத முதுகுக் கறியாகப் பார்த்து வாங்கி, ஹாய்சின் சாஸும் (சோயாவில் செய்யும் இனிப்பான கெட்டிச் சாஸ்) தேனும் தாராளமாகப் பூசி, 220 டிகிரி ஓவனில் முக்கால் மணி நேரம் வைத்தேன். வெளியே கரி, உள்ளே சக்கை. ட்ரேயை இரண்டு நாள் ஊற வைத்துத்தான் சுரண்ட முடிந்தது. எங்கே தப்பு?

பதில்: பாதித் தப்பு கறி வாங்கும்போதே நடந்துவிட்டது. சா சியுவுக்குக் கழுத்தை ஒட்டிய தோள்பட்டைக் கறிதான் சரி, சதைக்கு நடுவே கொழுப்பு இழை இழையாக ஓடும், சூட்டில் அது உருகித்தான் கறி காயாமல் இருக்கிறது. ஹாங்காங்கில் கறி தொங்கும் கடைகளில் 'பூன் ஃபெய் சௌ' என்று கேட்டு வாங்குவார்கள், பாதிக் கொழுப்பு பாதிச் சதை என்று அர்த்தம். கொழுப்பைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் வேறு ஏதாவது சமைக்கலாம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மீதித் தப்பு தேனில். சர்க்கரை சீக்கிரம் தீய்ந்துவிடும், அதை ஆரம்பத்திலேயே பூசிவிட்டு முக்கால் மணி நேரம் அந்தச் சூட்டில் விட்டால் கரியாகாமல் என்ன ஆகும்? ஊற வைக்கும் கலவையில் கொஞ்சம் சர்க்கரை இருக்கலாம், பளபளப்புக்கான பூச்சு மட்டும் கடைசிப் பத்து நிமிடத்துக்குத்தான்.

ஒரு கிலோ கறியை 4 சென்டிமீட்டர் தடிமனில் நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். ஹாய்சின் சாஸ் 3 மேசைக்கரண்டி, சோயா சாஸ் 2, ஆய்ஸ்டர் சாஸ் 1, சர்க்கரை 3, நசுக்கிய பூண்டு நாலு பல், ஐந்து மசாலாத் தூள் அரை டீஸ்பூன். இந்தத் தூளில் அன்னாசிப்பூவும் கிராம்பும் இருப்பதால் கை தாராளமானால் மருந்து வாசனை அடிக்கும். ரோஜா வாசனையுள்ள சீனச் சமையல் மது கிடைத்தால் ஒரு கரண்டி, கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். எல்லாம் கலந்து பிசறி ஃப்ரிட்ஜில் ஓர் இரவு, முடிந்தால் 24 மணி நேரம்.

கடைகளில் கறியைக் கொக்கியில் மாட்டி உயரமான அடுப்புக்குள் தொங்கவிடுவார்கள், சுற்றிலும் அனல் படும். வீட்டில் அதற்குப் பதில் கம்பி வலை. வலையின் மேல் கறி, கீழே ட்ரேயில் இரண்டு கப் தண்ணீர், சொட்டுகிற சர்க்கரையும் கொழுப்பும் தண்ணீரில் விழுவதால் புகையும் இல்லை, உங்கள் ட்ரேயும் பிழைக்கும். 200 டிகிரியில் 20 நிமிடம், திருப்பிப் போட்டு 15 நிமிடம். அப்புறம் பூச்சு: மால்டோஸ் (தானியத்திலிருந்து செய்யும் கெட்டிச் சர்க்கரைப் பாகு) 3 மேசைக்கரண்டி, வெந்நீர் ஒன்று. மால்டோஸ் தேன் மாதிரி வழியாது, கரண்டியைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது, முதல் தடவை நான் கரண்டியைத் தூக்கினால் டப்பாவும் கூடவே வந்தது. கரண்டியை வெந்நீரில் நனைத்து எடுங்கள், அல்லது டப்பாவைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் நிறுத்துங்கள். அது இல்லாவிட்டால் தேன் போதும், பிசுபிசுப்பு மட்டும் கொஞ்சம் குறையும். இதைப் பூசி 230 டிகிரியில் ஐந்து நிமிடம், திருப்பிப் பூசி இன்னொரு ஐந்து. அந்தப் பத்து நிமிடமும் ஓவன் பக்கத்தை விட்டு நகராதீர்கள். ஓரங்கள் மட்டும் கறுக்க ஆரம்பித்ததும் எடுத்துவிட வேண்டும். லேசாகக் கசக்கும் அந்த ஓரத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

பத்து நிமிடம் ஆறவிட்டு, சதை இழைக்குக் குறுக்கே வெட்டுங்கள். கறி ஊறிய சாற்றை மேலே ஊற்றிக்கொள்ள ஆசை என்றால் நன்றாகக் கொதிக்க வைத்த பிறகுதான், பச்சைக் கறி கிடந்த சாறு அது.

கேள்வி: கடையில் இருக்கும் சிவப்பு வரவே இல்லை. கலர் பொடி போடலாமா?

பதில்: பல கடைகளில் அதுதான் போடுகிறார்கள், வேண்டுமானால் போடுங்கள், ருசியில் ஒன்றும் ஏறாது. எனக்குப் பிடித்த வழி 'நாம் யூ'. சிவப்பு ஈஸ்ட் அரிசி சேர்த்துப் புளிக்க வைத்த டோஃபு, நிறம் அந்த அரிசியிலிருந்து வருகிறது. ஒரு துண்டை மசித்து ஊற வைக்கும் கலவையில் சேருங்கள், உப்புக் கரிக்கும் என்பதால் சோயா சாஸைக் குறைத்துக்கொள்ளுங்கள். அடர் சிவப்பெல்லாம் வராது, செம்பழுப்புதான் வரும்.

கேள்வி: ஓவன் இல்லை. குக்கரில் வேக வைத்தால் ஆகாதா?

பதில்: சாப்பிட நன்றாகவே இருக்கும், ஆனால் அது சா சியு இல்லை. பெயரிலேயே 'கவையில் குத்திச் சுட்டது' என்று இருக்கிறது. சுருட்டிக் கட்டி சோயா சாஸில் வேக வைப்பது ஜப்பான்காரர்களின் சாஷு, ராமென் நூடுல்ஸ் மேல் வைப்பார்களே, அது. பெயர் அங்கே போய்ச் சமையல் மாறிவிட்டது. ஓவன் இல்லையென்றால் மூடி போட்ட கரி அடுப்பில் சுடுங்கள், கரியை ஒரு பக்கமும் கறியை இன்னொரு பக்கமும் வைத்து.