பிரசவ வலியில் எங்கே பிடித்துவிடலாம்?

"எனக்கு 34 வாரம், முதல் பிரசவம். அரசு மருத்துவமனையில் காட்டி வருகிறேன். வலி எடுத்தால் அம்மா கூட இருப்பார். பிடித்துவிட்டால் வலி குறையுமா? வயிற்றில் எண்ணெய் தடவி மேலிருந்து கீழாக நீவினால் குழந்தை சீக்கிரம் இறங்கும் என்கிறார் பாட்டி. செய்யலாமா?" என்று கேட்கிறார் ஒரு வாசகி.

வயிற்றை நீவ வேண்டாம் அம்மா. பாட்டியிடம் பொறுமையாக, ஆனால் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். குழந்தையைக் கீழே இறக்குவது கர்ப்பப்பையின் வேலை. வெளியிலிருந்து பலமாக அழுத்தினால் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரியலாம். அரிதாகக் கர்ப்பப்பையே கிழிந்துவிடலாம். குழந்தை வெளிவருவதற்காக வயிற்றின் மேற்பகுதியை அழுத்துவது கூடாது என்றே உலக சுகாதார நிறுவனத்தின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் சொல்கிறது. வலியை விரைவுபடுத்த விளக்கெண்ணெய் குடிக்கச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

அதே வழிகாட்டுதல், விரும்பும் தாய்க்கு மசாஜும் வெந்நீர் ஒத்தடமும் தரலாம் என்கிறது. வலி முழுவதும் போய்விடாது, தாங்கிக்கொள்ளும்படி குறையும். கர்ப்பப்பை வாய் 10 செ.மீ. விரியும் வரையிலான நீண்ட முதல் கட்டத்தில்தான் இதன் பலன் அதிகம்.

கர்ப்பப்பையின் வலியைக் கொண்டுபோகும் நரம்புகள் தண்டுவடத்தில் சேரும் இடத்திலேயே கீழ்முதுகுத் தோலின் நரம்புகள் சிலவும் வந்து சேர்கின்றன. வயிற்றில் எழும் வலி இடுப்பில் தெரிவது அதனால்தான். அங்கே அழுத்தும்போது எழும் தொடு உணர்வு, வலியின் செய்தியைத் தண்டுவடத்திலேயே ஓரளவு தடுக்கிறது. ரொனால்ட் மெல்ஸாக், பேட்ரிக் வால் என்ற இரு அறிஞர்கள் 1965-இல் முன்வைத்த விளக்கம் இது.

இனி அம்மாவுக்கு. முதுகெலும்பு முடியும் இடத்தில், புட்டத்துக்குச் சற்று மேலே, தட்டையான எலும்பு ஒன்று கைக்குத் தட்டுப்படும். மகள் கட்டிலையோ நாற்காலியின் முதுகையோ பிடித்து முன்னால் சாய்ந்து நிற்கட்டும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தாலும் சரி. வலி ஏறத் தொடங்கும்போதே உள்ளங்கையின் அடிப்பகுதியை அந்த எலும்பின்மேல் பதித்து, முழங்கையை மடக்காமல், உங்கள் உடல் எடையைச் சாய்த்து அழுத்துங்கள். வலி உச்சத்துக்குப் போய் இறங்கும் வரை, ஏறக்குறைய ஒரு நிமிடம், கையை நகர்த்தாதீர்கள். விரல் பலத்தால் அழுத்தினால் அரை மணி நேரத்தில் உங்கள் கை ஓய்ந்துவிடும். முதல் பிரசவத்தில் வலி பல மணி நேரம் நீளும்.

குழந்தையின் பின்தலை தாயின் முதுகுப் பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு பிளப்பதுபோல் வலிக்கும். அப்போது இரு உள்ளங்கைகளையும் புட்டத்தின் இரு பக்கவாட்டிலும் வைத்து நடுவை நோக்கிச் சேர்த்து அழுத்துங்கள். பலருக்கு அந்த நேரத்தில் இதைவிட ஆறுதல் வேறில்லை. வலி விட்ட இடைவெளியில் தோளையும் கழுத்தையும் மென்மையாக நீவினால் போதும்.

எண்ணெய் கை வழுக்காமல் செல்ல உதவுமே தவிர வலியைப் போக்காது. வயிற்றில் தடவினால் குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்க்கும் பட்டை நழுவும். முதுகில் வலி மறப்பு ஊசி போடுவதாக இருந்தால் அங்கும் எண்ணெய் கூடாது. கெண்டைக்காலைப் பலமாக அமுக்க வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் இரத்தம் உறைந்திருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தப்போக்கு, பச்சை நிறத்தில் பனிக்குட நீர், குழந்தையின் அசைவு குறைதல், இடைவெளியே விடாமல் வயிறு கல்லாக இறுகுதல் – இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பிடித்துவிட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

எவ்வளவு அழுத்தம், எந்த இடம் என்பதை மகள்தான் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரம் இதமாக இருந்த கை திடீரென எரிச்சலூட்டும். குழந்தை வெளிவரும் தறுவாயில் பலருக்குத் தொடுவதே பிடிக்காது. "எடு" என்றால் எடுத்துவிடுங்கள், மனம் வருந்தாதீர்கள்.

பிரசவத்தின்போது பெண் உறவினர் ஒருவர் உடனிருக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் அனுமதித்தது. அவர் பிள்ளை பெற்றவராக இருந்தால் நல்லது என்றும் சொன்னது. உங்கள் மருத்துவமனையில் அம்மாவை எந்த நேரத்திலிருந்து உள்ளே விடுவார்கள் என்று அடுத்த பரிசோதனையின்போது செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை இரவு படுக்கும் முன் பத்து நிமிடம் இருவரும் பழகுங்கள்.